சண்டி மாடும் பழைய காரும்

வண்டிலிற் பூட்டிய மாடு நடுவழியிற் படுத்துக்கொண்டால் அதனைச் சண்டி மாடு என்பர். அநுபவமில்லாத வண்டிற்காரன் உடனே துவரந்தடியை ஓங்குவான். அநுபவமுள்ளவனோ இறங்கிவந்து, நுகம் பட்ட கழுத்தைத் தடவிப் பார்ப்பான். குளம்பைத் தூக்கி லாடத்தைப் பார்ப்பான். புண்ணோ கல்லோ அங்கே இருக்கும். சண்டித்தனத்துக்கும் மாட்டின் பக்கத்தில் ஒரு நியாயம் உண்டென்பது அவனுக்குத் தெரியும்.

பழைய மோட்டார்க் கார் வைத்திருப்போரிலும் இவ்விரு வகையினரையும் காண்கிறோம். கார் கிளம்ப மறுத்தால் பற்றறியை மாற்று, பிளக்கை மாற்று, கொயிலை மாற்று என்று அடுக்கடுக்காகப் பணத்தை வீசுவோர் ஒரு வகை. இறங்கிவந்து கழுத்தைத் தடவிப் பார்ப்போர் மற்றொரு வகை. இரண்டாம் வகையினர் எண்ணிக்கையிற் குறைவு. அவர்களுடைய வழி யாது என்பதையே இவ்வாரம் எடுத்துக்கொள்கிறோம்.

அடியோடு நின்றுவிட்ட காரைத் திருத்துவது பெரிய காரியமன்று. குறை எதிரிலேயே நிற்கிறது, தேடினால் அகப்படும். காலையில் ஒரே முயற்சியிற் கிளம்பி, நண்பகலில் மறுத்து, அரைமணி நேரத்தின் பின் ஒன்றும் நடவாதது போல மீண்டுங் கிளம்பும் காரே சங்கடந் தருவது. கராஜுக்குக் கொண்டுபோனால் அங்கே அது நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். வீட்டுக்குத் திரும்பும் வழியிற் பழைய குணத்தைக் காட்டும்.

யாழ்ப்பாணத்துத் தெருக்களில் ஒஸ்ரின் ஏ 40, மோறிஸ் மைனர் முதலிய பிரித்தானியக் கார்கள் இன்றும் ஓடக் காண்கிறோம். அவற்றுள் மைனர் 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதல் உலகத்தின் கண்ணிற் பட்டது. அதனை அமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1959இல் வெளிவந்த மினி காரையும் உருவாக்கியவர் அவரே. 1971இல் உற்பத்தி முடியும்வரை 16 இலட்சத்துக்கும் அதிகமான மைனர்கள் செய்யப்பட்டன. இக்கார்களிற் குறையைத் தானே எடுத்துச் சொல்லும் கணினி இல்லை. அதற்கு ஈடாக, மூடியைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடசாலை கிடையாது.

கிளம்புவதற்கு வேண்டியன மூன்று

பெற்றோல் எஞ்சின் கிளம்புவதற்கு மூன்று காரியங்கள் ஒரே நேரத்திற் கைகூட வேண்டும். முதலாவது, எஞ்சினைச் சுழற்றும் விசை. இதனைத் தருவன பற்றறியும் ஸ்ராட்டர் மோட்டரும். இரண்டாவது, காற்றோடு கலந்த எரிபொருள் ஆவி. இதனைத் தருவன பெற்றோல் பம்பியும் காபுரேற்றரும். மூன்றாவது, உரிய கணத்தில் எழும் மின்பொறி. இதனைத் தருவன கொயிலும் டிஸ்ரிபியூட்டரும் பிளக்குகளும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் கார் கிளம்பாது.

இரண்டாவது காரியத்தின் அருமையைக் குடாநாட்டு மக்கள் துன்பப்பட்டு அறிந்துகொண்டார்கள். 1990களில், போரின் நடுவே, பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில் இக்கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆயினும் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயிற் கிளம்புவதில்லை. அது எளிதில் ஆவியாகாத எண்ணெய். ஆதலின் கிளப்புவதற்குச் சில துளி பெற்றோலை மருந்துபோற் காத்துவைத்திருந்து, எஞ்சின் சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாறினார்கள். எரிபொருள் நிறைந்திருந்தாற் போதாது, அது ஆவியாதலும் வேண்டும் என்ற பாடத்தை அன்று சிறுவர்களும் அறிந்திருந்தார்கள்.

ஓர் ஆசிரியரின் மைனர்

வலிகாமத்தில் நமக்கு அறிமுகமான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உள்ளார். தகப்பனார் விட்டுச்சென்ற மோறிஸ் மைனர் 1000, 948 கனசெந்திமீற்றர் எஞ்சின் கொண்டது, அவரிடம் இருக்கிறது. மனைவியாரைக் கிழமைதோறும் கிளினிக்குக்கு அழைத்துச் செல்வதற்கு அதுவே துணை. ஒருநாள் கிளினிக் வாசலில் அது கிளம்ப மறுத்தது. அம்மையார் வெய்யிலில் முக்கால் மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. பிறகு தானாகவே கிளம்பிற்று.

அதன்பின் மூன்று மாதம் செலவு தொடர்ந்தது. முதலிற் புதிய பற்றறி, கார் மூன்று பயணம் நன்றாக ஓடியது, நாலாவதில் மறுத்தது. பின்னர் புதிய பிளக்குகள், மறுபடியும் மூன்று பயணம், மறுபடியும் மறுப்பு. பின்னர் புதிய கொயில், அதே கதை. நோயாளியை ஏற்றிச் செல்லும் காரை நம்ப முடியாவிட்டால் அதனை வைத்திருப்பதிற் பயனில்லை என்று ஆசிரியர் மனம் வெறுத்தார். தரகர் ஒருவர் வந்து பார்த்து, குறைந்த விலையொன்றைச் சொல்லிப் போனார்.

அவ்வேளையில் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் பயிலும் மகள் கேட்டாள்: "அப்பா, கார் கிளம்பாத நாள்களை நாங்கள் ஏன் எழுதிவைக்கவில்லை?"

"எழுதி என்ன செய்வது, பிள்ளை? அது நினைத்த நேரம் நிற்கிறது" என்றார் ஆசிரியர்.

"நினைக்கிறதற்கு அதற்கு மனம் இல்லையே, அப்பா. எப்போது நிற்கிறது என்று தெரிந்தால் ஏன் என்பதும் தெரியும்."

அப்பியாசக் கொப்பி ஒன்றிற் கோடுகள் இழுக்கப்பட்டன. நாள், ஓடிய நேரம், நிறுத்திவைத்த நேரம், கிளப்பும்போது கேட்ட ஒலி, மறுத்த பின் மீண்டுங் கிளம்ப எடுத்த நேரம் என ஐந்து நிரல்கள். நாலு கிழமையில் 20 பயணங்கள் பதிவாயின. அவற்றில் ஐந்து முறை மறுப்பு.

அந்த ஐந்து வரிகளும் ஒரே கதையைச் சொல்லின. ஐந்து முறையும் எஞ்சின் சூடாயிருந்தது. ஐந்து முறையும் ஸ்ராட்டர் வேகமாகவே சுழற்றிற்று. ஆகவே பற்றறி குற்றமற்றது. ஐந்து முறையும் பெற்றோல் பம்பி சில தடவை டிக் டிக்கென்று ஒலித்து ஓய்ந்தது. ஆகவே காபுரேற்றரிற் பெற்றோல் நிறைந்திருந்தது. எஞ்சியது மின்பொறி ஒன்றே. இன்னுமொரு குறிப்பும் ஓரத்தில் இருந்தது. ஏற்றமான இடங்களிலும் வேகமெடுக்கும்போதும் கார் இடையிடையே சிறிது குலுங்கியது. கிளம்பாமைக்கும் குலுக்கத்துக்கும் உறவிருக்கலாமென்று அதுவரை ஒருவரும் எண்ணவில்லை.

விளக்கு சொன்ன சாட்சி

அடுத்துச் செய்தது மிக எளிய காரியம். 12 வோல்ற் சிறு பல்பு ஒன்றில் இரண்டு வயர்களை இணைத்துச் சோதனை விளக்கு ஒன்று செய்தார்கள். அதன் ஒரு வயரைக் கொயிலிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் முனையிலும் மற்றதைக் காரின் உடலிலும் தொடுக்க வேண்டும். டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்றுகள் மூடும்போது விளக்கு அணையும், திறக்கும்போது எரியும். ஆகவே ஸ்ராட்டர் சுழற்றுகையில் விளக்கு மினுக்கு மினுக்கென்று மின்ன வேண்டும். கார் நல்ல குணத்தோடு இருந்த காலை வேளையிலேயே மகள் இதனைச் செய்து பார்த்து வைத்துக்கொண்டாள். இது மிகவும் முக்கியம். சுகமான நிலை எப்படியிருக்குமென்று அறியாதவர் நோய் நிலையை எவ்வாறு அறிவார்?

ஆறாவது மறுப்பு கிளினிக் வளவில், மரநிழலில் நிகழ்ந்தது. இம்முறை எவரும் சினக்கவில்லை. விருந்தாளியை வரவேற்பது போலச் சோதனை விளக்கை எடுத்தார்கள். தகப்பனார் ஸ்ராட்டரை இயக்க, மகள் விளக்கைப் பார்த்தாள். விளக்கு மின்னவில்லை, அணையவுமில்லை, ஒரே சீராக எரிந்துகொண்டிருந்தது. கொயில் வரை மின்சாரம் வருகிறது, டிஸ்ரிபியூட்டருக்குள் அதன் பாதை அறுந்திருக்கிறது என்பதே அதன் பொருள்.

மூடியைக் கழற்றினார்கள். திறப்பை நிறுத்திவிட்டு, காரை நாலாவது கியரிற் போட்டுச் சற்றுத் தள்ளி, பொயின்றுகள் மூடியிருக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். பின்னர் திறப்பைத் திருப்பியபோதும் விளக்கு எரிந்தது. பொயின்றுகள் மூடியிருக்கையில் அது அணைந்திருக்க வேண்டுமல்லவா? டிஸ்ரிபியூட்டரின் பக்கமுனையிலிருந்து பொயின்றுக்குப் போகும் விரலளவுச் சிறு வயர் ஒன்று உண்டு. மகள் அதனை ஒரு தீக்குச்சியால் மெல்ல நெம்பினாள், விளக்கு அணைந்தது. விட்டாள்; எரிந்தது. மூன்று மாதமாக ஒளித்து விளையாடிய கள்வன் அகப்பட்டான்.

மறுநாள் மெக்கானிக் அந்த வயரைக் கழற்றி உறையைச் சீவிப் பார்த்தார். வெளியுறையிற் பழுதில்லை, உள்ளே செப்பு இழைகள் அறுந்து கறுத்திருந்தன. "மாஸ்ரர், மூன்று மாதமாக இந்த மூடியைத் திறந்து திறந்து மூடினேன். நான் பார்க்கிற நேரமெல்லாம் இது ஒட்டிக்கொண்டுதான் இருந்தது" என்றார் அவர். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. குளிர்ந்த வேளையில் அறுந்த நுனிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. சூட்டில் உறை இளகியதும் விலகின. கார் ஓடும்போது பொறியின் நேரத்தை மாற்றுவதற்காகப் பொயின்றுகள் அமர்ந்திருக்கும் தட்டு சற்றே அசையும். அந்த அசைவினாலேயே இழைகள் அறுந்தன. ஏற்றத்திற் கண்ட குலுக்கத்துக்கும் அதுவே காரணம். அவ்விடத்துக்கு விறைப்பான வயர் உதவாது. பல நுண்ணிழைகள் கொண்ட இளகிய வயரே வேண்டும். அதனைப் பொருத்தினார்கள். அதன் விலை, மாற்றிய பற்றறியின் விலையோடு வைத்துப் பேசத்தக்கதன்று.

மூன்று முறை ஓடினாற் போதுமா?

மெக்கானிக்கைக் குறைகூறுவோர் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கார் நாலு பயணத்தில் ஒருமுறை மறுத்தது. அதாவது, ஒன்றுமே திருத்தாமல் விட்டாலும் ஒரு பயணம் நன்றாக அமைவதற்கு நாலில் மூன்று வாய்ப்பு உண்டு. தொடர்ந்து மூன்று பயணங்கள் நன்றாக அமைவதற்கு 64இல் 27, அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 42 வாய்ப்பு. ஆகவே புதிய பற்றறி போட்டபின் மூன்று முறை ஓடியது அந்தப் பற்றறிக்குச் சான்றாகாது. பழைய பற்றறியோடும் அது அவ்வாறே ஓடியிருக்கலாம்.

இடையிடையே வரும் குறையின் வஞ்சகம் இதுவே. எதைச் செய்தாலும் அது சிலநாள் பலித்தது போலத் தோன்றும். வைத்தியரும் மகிழ்வார், நோயாளியும் மகிழ்வார், நோய் மட்டும் உள்ளே இருக்கும். திருத்தியபின் பத்துப் பயணம் இடையூறின்றி நடந்தால் அது தற்செயலாய் இருப்பதற்கு நூற்றுக்கு ஆறு வாய்ப்புக்கூட இல்லை. அப்போதுதான் ஓரளவு நம்பலாம். அந்தப் பத்தும் பழைய மறுப்பு நிகழ்ந்த அதே நிலையில், அதே சூட்டில் நடந்திருத்தல் வேண்டும். ஆசிரியர் வீட்டில் அவ்வாறே பத்துப் பயணம் எண்ணி முடித்த பின்னரே தரகருக்கு வேண்டாமென்று சொல்லியனுப்பினார்கள்.

வேறு இடத்திற் குறை இருந்தால்

எல்லாக் காருக்கும் இதே வயர் காரணமாகாது. நேயர்களுக்குப் பயன்படுமென்று வேறு சில அடையாளங்களையும் தருகிறோம்.

ஸ்ராட்டர் சுழலாவிட்டால், முன்விளக்குகளை எரியவிட்டு மறுபடி முயலுங்கள். விளக்குகள் முற்றாக அணைந்தால் பற்றறி இறங்கியிருக்கிறது, அல்லது அதன் முனைகளிற் பிடிப்பில்லை. விளக்குகள் சிறிதும் மங்காவிட்டால் ஸ்ராட்டர் சுவிச்சு மின்சாரத்தைக் கடத்தவில்லை. மங்கியும் எஞ்சின் அசையாவிட்டால் ஸ்ராட்டரின் பற்சில்லு சிக்கியிருக்கலாம்; திறப்பை நிறுத்தி, கைப்பிறேக்கை விட்டு, நாலாவது கியரிற் போட்டுக் காரை முன்னும் பின்னும் அசைத்தால் பெரும்பாலும் விடுபடும்.

ஸ்ராட்டர் சோம்பலாகச் சுழன்றால், எஞ்சினையும் உடலையும் இணைக்கும் பின்னல் வயரைப் பாருங்கள். எஞ்சின் இறப்பர்த் தாங்கிகளில் அமர்ந்திருப்பதால் மின்சாரம் திரும்பிவர அவ்வயரே பாதை. ஸ்ராட்டர் 150 அம்பியர் இழுக்கிறதென்று கொள்வோம். துருப்பிடித்த மூட்டொன்றில் ஓர் ஓமின் நூறிலொரு பங்கு தடை இருந்தாலும் 1.5 வோல்ற் அங்கேயே வீணாகும். எஞ்சின் சுழலும்போது சோக் கம்பி சூடானால், பின்னல் வயர் தன் வேலையைச் செய்யவில்லை, மின்சாரம் குறுக்குவழி தேடுகிறது என்று அறிக.

பம்பி ஒலிக்காமலே இருந்து, மெல்லத் தட்டியதும் ஒலித்தால், அதனுள்ளிருக்கும் தொடுமுனைகள் தேய்ந்துவிட்டன. ஓயாமல் ஒலித்தால் தாங்கியிற் பெற்றோல் இல்லை, அல்லது குழாயிற் காற்றுப் புகுகிறது, அல்லது காபுரேற்றர் வழிகிறது. மாரிகாலத்துக் காலைகளில் மட்டும் மறுத்தால் டிஸ்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்து, மயிரிழை போன்ற வெடிப்பு உண்டோவென்று பாருங்கள். மைனர் 1000க்குப் பொயின்றுகளின் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, அதாவது ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர், பிளக்குக்கு ஆயிரத்தில் 25 பங்கு.

இக்கார்கள் பெரும்பாலானவற்றிற் பற்றறியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும்; இக்கால வழக்கத்துக்கு இது மாறானது. சிலவற்றிற் பின்னர் மாற்றியும் இருப்பர். ஆதலின் எதையும் தொடுக்குமுன் எந்த முனை உடலிற் சேர்ந்திருக்கிறதென்று பாருங்கள். பெற்றோல் மணம் வீசும்போது பொறி எழும் சோதனை எதுவும் வேண்டாம். கைப்பிறேக்கை இழுத்து, கியரை விடுத்த பின்னரே ஸ்ராட்டரை இயக்குங்கள். சேலைத் தலைப்பும் சால்வையும் பின்னிய கூந்தலும் விசிறிக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும். பூட்டிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடுவது உயிருக்கு ஆபத்து.

இவ்வளவையும் நினைவில் வைக்க இயலாதவர் மூன்று விதிகளை மட்டும் கைக்கொண்டாற் போதும். குறை வரும்போது எழுதிவையுங்கள். குறை இருக்கும்போதே சோதியுங்கள். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். கழற்றிய பாகத்தை எறிந்துவிடாதீர்கள். நாலு பாகங்களை ஒரே நாளில் மாற்றியவர் கார் கிளம்பினாலும் எதனாற் கிளம்பிற்று என்பதை அறியமாட்டார். அறியாதவரை அந்தப் பயமும் அவரை விட்டுப் போகாது.

பணமும் அவசரமும் உள்ளவர்க்குப் பொறுமை பெரிய விலையாகத் தோன்றும். ஆயினும் எய்தவன் இருக்க அம்பை நோவதற்கே நம்மிற் பலர் அதிகஞ் செலவிடுகிறோம். காரில் மட்டுமா? வகுப்பிற் சிலநாள் நன்றாகப் படித்துச் சிலநாள் சோரும் பிள்ளைக்கும் ஒரு காரணம் இருக்கும். அடிப்பதற்கு முன் இறங்கிவந்து, எந்த நாளில், எந்த வேளையில் என்று பார்ப்பவரே அதனைக் காண்பார். வீட்டில் இளைஞர் இருந்தால் இன்றே அவர்கள் கையில் ஓர் அப்பியாசக் கொப்பியைக் கொடுங்கள். பழைய கார் பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும், கொப்பி எழுதப் பழகிய பிள்ளைக்கு அந்தப் பழக்கம் வாழ்நாள் முழுதும் உதவும்.